இணைப்பு வளையம்

என் மனைவி லூர்து ஜெனோவா தரையிலிருந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறாள். அவள் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவள் இருக்கும் கலம் இன்னும் பல நூறு ஆண்டுகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதைக் கீழே கொண்டுவரக் கூடாது என்பது சட்டம்.

சட்டத்தில் தவறில்லை. கலத்தின் வாலில் ஓர் அணு உலை இருக்கிறது. ஒருமுறை எரியத் தொடங்கிய உலை பூமிக்கு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எல்லா நாடுகளும் கையெழுத்திட்டிருக்கின்றன. உலையோடு சேர்ந்த எதுவும் இறங்கக் கூடாது. அதில் பணிபுரிகிறவர்களை மட்டும் கீழிருந்து வேறொரு கலம் போய் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

அவள் இருக்கும் உலைக் கலத்துக்கு நாங்கள் தோணி என்று பெயர் வைத்திருந்தோம். பூமிக்கும் நிலவுக்கும் இடையே சரக்கு இழுக்கும் வண்டி அது. உலை ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பின்னால் ஊதித் தள்ளும். தோணி முன்னால் போகும். அதற்கு வேண்டிய ஹைட்ரஜனையும், அதைச் சுமந்து மேலே ஏறும் ராக்கெட்டுக்கு வேண்டிய ஹைட்ரஜனையும் எங்கள் கடற்கரை ஊரான தேரிமுனையின் ஆலையில் தயாரித்தோம். கடல்நீரைக் குடிநீராக்கி, அந்தக் குடிநீரைக் காற்றாலை மின்சாரத்தால் பிரித்து, வரும் வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்குவோம். புகை கிடையாது, கரி கிடையாது. திரவத்தைக் கப்பலில் ஏற்றி நிலநடுக்கோட்டுக்கு அருகே மிதக்கும் ஏவுமேடைக்கு அனுப்பினால், ஆறு நாளில் போய்ச் சேரும்.

நான் குளிரவைக்கும் பிரிவில் ஷிப்ட் பொறுப்பாளன். ஜெனோவும் என்னோடு ஆறு வருடம் அங்கேதான் வேலை பார்த்தாள். அங்கேதான் பழகினோம், கட்டிக்கொண்டோம். பிறகு அவள் தேர்வெழுதி உலைக் காவலராகத் தோணிக்குப் போனாள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் உலையை அணைத்துவிடுவார்கள். ஆனால் அது உடனே ஆறாது. இரண்டு மாதம் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற ஐந்து பேரும் கீழே வந்துவிட்டார்கள். அந்த முறை காவல் அவளுடையது.

குடும்பத்தோடு பேச நாளுக்கு ஒருமுறை பதினோரு நிமிடம் கொடுப்பார்கள். தோணி எங்கள் வானத்தைக் கடக்கும் நேரம் அது.

"என்ன இன்னாசியாரே, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"சாளை."

"நீரு வச்சதா, கடையில வாங்குனதா?"

"நான்தான் வச்சேன்."

"அப்ப பூனைக்கு இன்னைக்கு விருந்து."

இப்படித்தான் பேசுவோம். முப்பத்து மூன்று நாள் இப்படியே போயிற்று.

முப்பத்து நான்காம் நாள் தோணியின் காற்றுச் சுத்திகரிப்பான் நின்றுபோனது. அவளால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. கையிருப்பிலிருந்த மாற்று வடிகட்டிகளை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தபோது அவளுக்கு இருபத்திரண்டு நாளைக்குத்தான் மூச்சுக்காற்று இருந்தது. வேறு எந்த நாட்டுக் கலமும் அதற்குள் தயாராகாது. எங்கள் ராக்கெட் ஏவுமேடையில் தயாராக நின்றது. எரிபொருள்தான் இல்லை. நூறு டன் வேண்டும். எங்களிடம் இருந்தது நாற்பது.

அது ஐப்பசி. தென்மேற்குக் காற்று ஓய்ந்துவிட்டது, வடகிழக்கு இன்னும் தொடங்கவில்லை. தேரி மணல்மேட்டில் நிற்கும் முந்நூறு காற்றாலைகளும் அசையாமல் நின்றன. வானம் மூடியிருந்ததால் வெயிலும் இல்லை. வெளியிலிருந்து கிடைத்த கொஞ்ச மின்சாரத்தில் நாளொன்றுக்கு இரண்டு டன் செய்யலாம். கரையோர ஏழு ஊர்களுக்கும் குடிநீர் கொடுக்கும் ஆலையை நிறுத்தி, அதன் மின்சாரத்தையும் இருப்பிலிருந்த நீரையும் எடுத்துக்கொண்டால் ஐந்து டன். அப்படியானால் பன்னிரண்டு நாளில் நிரப்பி, ஆறு நாளில் கொண்டுசேர்த்து, இருபதாம் நாள் ஏவிவிடலாம். இரண்டு நாள் மிஞ்சும்.

ஊர்களிடம் இதைக் கேட்க மேலாளருக்கு வாய் வரவில்லை. தகவல் எப்படியோ போய், தண்ணீர்க் கமிட்டித் தலைவி செபமாலை அக்காவே ஆலை வாசலுக்கு வந்தார். காலையில் மீன் ஏலம் கூறிவிட்டு நேரே வந்திருந்ததால் தொண்டை கட்டியிருந்தது.

"எத்தன நாளு?"

"பன்னெண்டு நாளுக்கா."

"சொட்டுகூட வராதா?"

"வராது. கரண்டும் வேணும், தண்ணியும் வேணும்."

"கெணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியாதுல்லா. குடிச்சா உப்பு, குளிச்சா சொறி." சிறிது நேரம் காற்றாலைகளைப் பார்த்தார். "சரி. காய்ச்சிக் குடிச்சிக்கிடுதோம். அங்க கெடக்கது நம்ம பிள்ள. நீ இங்க நின்னு என் மொகத்தப் பாத்துக்கிட்டிருக்காத தம்பி, போயி உன் மிசின ஓட்டு."

ஓட்டினேன். மூன்றாம் நாள் பதினான்கு குழந்தைகளை வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி ஆலை வாசல் வழியாகத்தான் போனது. அதன் பின்னால் ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடினாள். எல்லாக் குழந்தைகளும் ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிட்டன. ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே என்பதுதான் மனதில் ஓடியது.

இந்த இடத்தில் ஹைட்ரஜனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஜெனோ விளக்குவது காதில் இருக்கிறது. அவளைவிட எளிமையாக என்னால் சொல்ல முடியாது.

"இதுக்கு ரெண்டு கொணம் உண்டு. சாதாரணமா முக்கால்வாசி முறுக்கிக்கிட்டு நிக்கும், கால்வாசி சாதுவா இருக்கும். திரவமாக்குறதுக்கு முன்ன எல்லாத்தையும் சாதுவாக்கிரணும். அவசரப்பட்டு அப்படியே தொட்டிக்குள்ள விட்டா, உள்ள போயி ஒவ்வொண்ணா சாதுவாகும். ஆகையில சூட்டக் கக்கும். அந்தச் சூட்டுலயே மிச்சமும் கொதிச்சு ஆவியாப் போயிரும். வெளியேருந்து யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். அதுவே அத அழிச்சிரும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க" என்று ஒருமுறை ஒரு கல்லூரி ஆசிரியை சொன்னார். ஜெனோ என்னைக் கைகாட்டி, "இவரு ஏற்கெனவே பெட்டிக்குள்ள போயிட்டு வந்தவரு, பயமில்ல" என்றாள்.

பெட்டி என்று அவள் சொன்னது வாயுவைச் சாதுவாக்கும் உருளையை. அதற்குள் ஓர் இரும்புக் கலவைத் தூள் நிரம்பியிருக்கும். துரு போலவே செம்பழுப்பாக இருப்பதால் நாங்கள் அதைத் துருப்பெட்டி என்போம். அதன் வழியாகப் போகும்போது வாயுவின் வேகம் குறையும்; அப்போது வெளிவரும் சூட்டை ஆற்றவும் நிறைய மின்சாரம் செலவாகும். அதைச் சுற்றி ஒரு மாற்றுக் குழாய் உண்டு. பெட்டியைக் கழுவும்போது மட்டும் திறப்பது. அந்த வழியாக விட்டால் நாளொன்றுக்கு ஐந்து டன்னுக்குப் பதில் பத்து டன் கிடைக்கும். பன்னிரண்டு நாள் வேலை எட்டு நாளில் முடியும்.

நான் நினைத்தது இதுதான். துருப்பெட்டி இல்லாவிட்டால் தானாகச் சாதுவாகப் பல வாரங்கள் ஆகும். கப்பல் போகும் ஆறு நாளில் என்ன ஆகிவிடும்? ஆவியாகப் போவதற்கென்று நான்கு டன் கூடுதலாக ஏற்றினால் போதும். ஜெனோவுக்கும் நாலு நாள் கூடக் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் நாலு நாள் முன்பே தண்ணீர் கிடைக்கும்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். நானே போய் மாற்றுக் குழாயின் வால்வைத் திறந்தேன். பதிவேட்டில் 'பெட்டி வழியே' என்ற கட்டத்தில் வழக்கம்போல் குறியிட்டேன்.

வேலை சொன்னதைவிட முன்பே முடிந்தது. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். ஒன்பதாம் நாள் காலை கப்பல் புறப்பட்டது. குழாய்களில் தண்ணீர் வந்தது. ஏழு ஊர்ப் பெண்களும் குடத்தோடு நிற்பதை ஆலையின் மேல்தளத்திலிருந்து பார்த்தேன்.

கப்பலின் தொட்டி முந்தைய ஆண்டு பழுதுபார்ப்பதற்காக ஆறு மாதம் உப்புக்காற்றில் திறந்து கிடந்தது. அதன் உள்ளே இருந்த ஏணியும் தாங்குகம்பிகளும் சாதாரண இரும்பு. அவை முழுவதும் துருப்பிடித்திருந்தன. பதினெட்டு வருடம் துருப்பெட்டியை வைத்து வேலை பார்த்தவனுக்கு, துருவே பெட்டியின் வேலையைச் செய்யும் என்பது தோன்றவில்லை. பெட்டி இல்லாமல் அனுப்புகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் கப்பலே பெட்டியாக இருந்தது.

கப்பல் புறப்பட்ட மூன்றாம் நாள் அதன் கப்பித்தான் ரொட்ரீகோவிடமிருந்து செய்தி வந்தது. தொட்டியில் அழுத்தம் ஏறுகிறது, ஆவியைத் திறந்துவிட்டுக்கொண்டே போகிறோம் என்று. அன்று மதியம் ஜெனோ கேட்டாள்.

"கப்பல் எப்படிப் போவுது?"

"நல்லாப் போவுது. அழுத்தம்தான் கொஞ்சம் ஏறுதாம்."

"எவ்வளவு?"

சொன்னேன்.

"நேத்து?"

சொன்னேன்.

"மொத நாளு?"

அதையும் சொன்னேன். பிறகு வெகுநேரம் சத்தமில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஜெனோ, கேக்குதா?"

"கேக்குது." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பன்னெண்டு நாளு வேலைய எட்டு நாள்ல முடிச்சிட்டீரே. கெட்டிக்காரருதான்."

"உனக்காகத்தான்."

"தெரியும்வே. எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு சாப்பிட்டீரா என்று கேட்டாள்.

மறுநாள் காலை அவள் பொதுத் தொடர்பில், எல்லோரும் கேட்க, பதிவாகும்படி ஓர் அறிவிப்புச் செய்தாள். தோணியின் இணைப்பு வளையம் இறுகிவிட்டது, திறக்கவில்லை. கீழிருந்து வரும் கலம் அந்த வளையத்தில்தான் வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். வளையம் திறக்காவிட்டால் கலம் வந்தும் பயனில்லை. வெளியே போய்ப் பார்த்ததாகவும், தன் கையிலிருக்கும் கருவிகளால் ஆகாது என்றும் சொன்னாள். வளையத்தின் நிலையைக் காட்டும் உணரியும் கெட்டுவிட்டது என்றாள்; கீழே அதன் அளவு எதுவும் வரவில்லை. அவள் சொல்தான் சான்று.

கட்டுப்பாட்டறையில் இரண்டு நாள் எல்லா வழியையும் யோசித்தார்கள். பிறகு ஏவுதலை நிறுத்தினார்கள். மேடைக்குப் போய்ச் சேர்ந்த கப்பலில் எழுபத்தொரு டன்தான் இருந்தது. அது போதாது. திரும்பி வந்து நிரப்பிப் போக நாளும் கிடையாது. ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வளையம்தான் எல்லாவற்றையும் முடித்துவிட்டதே.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவள் சாகப்போகிறாள் என்ற செய்தியைக் கேட்டபின் நான் முதலில் விட்டது ஆறுதல் பெருமூச்சு. நான் காரணமில்லை. என் தொட்டி நிரம்பியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது தடவை, தடவைக்குப் பதினோரு நிமிடம். கட்டுப்பாட்டறையில் கூடுதல் நேரம் தருகிறோம் என்றார்கள். மிச்ச நேரத்தில் உலையின் அளவுகள் கீழே வர வேண்டும், விதிப்படி இருக்கட்டும் என்று அவள்தான் மறுத்துவிட்டாள். அந்த நேரம் முழுவதும் நான் வளையத்தைப் பற்றியே கேட்டேன்.

"சூடு காட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கம் இறுகியிருக்கு?"

"வெயில் படாத பக்கம்."

"சுத்தியல வச்சு மெல்லத் தட்டிப் பாரு."

"தட்டிக்கிட்டேதான் இருக்கேன் ஓய். பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துரப்போறான்."

ஒருநாள் அவள் ஊர்ப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்றேன். "நல்லது" என்றாள். உடனே நான், "மசகு எண்ணெய் உறைஞ்சிருக்குமோ?" என்று கேட்டேன். "இருக்கும்" என்றாள். கடைசி நாளில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "வளையத்தப் பத்தி இனிமே யோசிக்காதேயும். அது யாரு தப்பும் இல்ல" என்றாள். சரி என்றேன். தோணி தொடுவானத்துக்குக் கீழே இறங்கியது. மறுநாள் அது வந்தபோது பதில் இல்லை.

விசாரணை நான்கு மாதம் நடந்தது. காரணம் இணைப்பு வளையம் என்று அறிக்கை வந்தது. எரிபொருள் குறைந்தது பற்றி அதில் ஒரு வரி இருந்தது: கப்பல் தொட்டியின் பழுதால் இழப்பு, விளைவில் மாற்றமில்லை. பதிவேட்டை யாரும் புரட்டவில்லை. நான் ராஜினாமா கொடுத்துவிட்டு அதே வீட்டில் இருந்தேன். பதினோரு வருடம் அந்த 'விளைவில் மாற்றமில்லை' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, சமைத்தேன், தூங்கினேன், ஆட்களோடு பேசினேன்.

போன மாதம் தமயந்தி என்ற அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். தோணியின் உலை ஆறிவிட்டதா என்று பார்க்க ஆளில்லாத கலம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள்.

"சார், ஒரு சின்ன விளக்கம் வேணும். எங்க கலம் அந்த வளையத்துலதான் போய்ப் பூட்டிக்கிச்சு. முதல் முயற்சியிலயே."

"வளையம் இறுகியிருந்ததே."

"இல்ல சார். ரெண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தோம். கீறல்கூட இல்ல. தட்டின தடமும் இல்ல. உணரியோட ஒயர் மட்டும் துண்டாயிருக்கு. கெட்டுப்போகல, கத்தரியால வெட்டியிருக்கு."

தமயந்தி கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு எங்களுக்குப் புரியல. காத்து கெட்டுப்போனா மூளை குழம்பும். அதனால தப்பா நினைச்சிட்டாங்கன்னு எழுதி ஃபைலை முடிச்சிடலாம்னு மேல சொல்றாங்க. நீங்க ஒத்துக்கிட்டா ஒரு கையெழுத்து போதும்."

அந்தப் பெண் தாளை மேசைமேல் வைத்தார். அழுத்த அளவுகளை நான் ஒவ்வொன்றாகச் சொன்னதும், அவள் பேசாமல் இருந்ததும், கெட்டிக்காரர் என்றதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. மூன்று எண்களில் அவள் எல்லாவற்றையும் கண்டுகொண்டாள். துருவையும் கண்டுகொண்டிருப்பாள். கப்பல் வந்து பயனில்லை என்று தெரிந்த பிறகு, மறுநாள் காலைக்குள் எனக்கென்று ஒரு காரணத்தைச் செய்து கொடுத்துவிட்டாள்.

"அவ மூளை குழம்பல. கடைசிவரைக்கும் தெளிவாத்தான் இருந்தா" என்றேன். "எழுதிக்கோங்கம்மா. மாற்றுக் குழாய் வால்வைத் திறந்தது நான். பதிவேட்டுல பொய்யாக் குறியிட்டதும் நான்."

தமயந்திக்கு முழுவதும் புரிய அரை மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் பேனாவை மூடினார். "பொட்டி வழியா விட்டிருந்தா இருபதாம் நாள் ஏவியிருக்கலாமா சார்?" என்று கேட்டார். ஏவியிருக்கலாம் என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் செபமாலை அக்கா வீட்டுக்குப் போனேன். எட்டு நாள் தண்ணீரைக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தத் தண்ணீரைத்தான் நான் வழியெல்லாம் ஆவியாக்கி விட்டிருந்தேன். சொல்லி முடிக்கும்வரை அவர் பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைக்கவில்லை.

"பன்னெண்டு நாளுன்னுதான நான் ஒத்துக்கிட்டேன்? நாலு நாளு கொறைன்னு உன்ட்ட யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலக்கா."

"எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிரலாம்னு பாக்காத. ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசைக்கு ஏழு ஊரும் வரும். அங்க நின்னு சொல்லு."

கோயில் வாசலில் நின்று சொன்னேன். பதினான்கு பிள்ளைகளில் சிலர் வளர்ந்து ஆளாகி முன்வரிசையில் நின்றார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். செபமாலை அக்கா மட்டும் நின்றார்.

"அவளுக்குத் தெரியும்னு சொல்லுத."

"தெரியும்."

"தெரிஞ்ச பொறவும் ஒம்பது நாளு உன்ட்ட பேசியிருக்கா. அப்படி என்னதான் பேசுனா?"

"வளையம் எப்படி இறுகியிருக்குன்னு வெவரமாச் சொல்லுவாக்கா" என்றேன். "நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."